பேசுவதற்கு ஒரு படிப்பா? மனநல ஆலோசகர் கல்வியின் வரலாறு: பாக்தாத், திருத்தணி, ஏர்வாடி



திருத்தணி என்றதும் முருகன் மலையும் அதன் 365 படிகளும் ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டமுமே பலருக்கும் நினைவுக்கு வரும். சற்று மூத்தவர்களுக்கு எல்லைப் போராட்டமும் நினைவுக்கு வரலாம். 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு போய்விட்ட இவ்வூர், ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய நெடிய போராட்டத்தின் பின்னர் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. 1888 செப்டம்பர் 5 அன்று இதே ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆண்டுதோறும் ஆசிரியர் தினத்தில் நினைவுகூர்கிறோம். ஆனால் அவர் எழுதிய தொடக்கக் கால நூல்களுள் ஒன்று உளவியலைப் பற்றியது என்பதை அந்த மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வறுமை. அவ்வாண்டு பட்டம் பெற்று வெளியேறிய உறவினர் ஒருவர் தம் பாடப்புத்தகங்களைக் கொடுத்தார். காசில்லாமல் கிடைத்த புத்தகங்கள் எந்தப் பாடத்துக்குரியனவோ அந்தப் பாடமே அவருடைய பாடமாயிற்று. அவற்றுள் ஸ்டவுட் என்ற ஆங்கிலேயர் எழுதிய உளவியல் கையேடும் ஒன்று. பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த காலத்தில், உடன் பயின்றவர்களுக்கே அவர் உளவியல் விரிவுரை ஆற்றினார். அவ்விரிவுரைகளிலிருந்து உருவான ‘எசென்ஷியல்ஸ் ஆஃப் சைக்காலஜி’ என்ற நூல் 1912-இல் வெளிவந்தது.

அதே 1912-இல் ஆங்கிலேய அரசு இந்தியப் பைத்தியச் சட்டத்தை இயற்றியது. ஒருவரை மனநோய் விடுதிக்குள் அனுப்பும் ஆணையை மாஜிஸ்திரேட் பிறப்பிப்பதே அச்சட்டத்தின் நடைமுறை. ஆக, மனத்தைப் படிக்கும் கல்வி ஒரு வகுப்பறையிலும், மனம் நொந்தவரை அடைக்கும் சட்டம் ஒரு நீதிமன்றத்திலுமாக அந்த ஆண்டில் தனித்தனியே நின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்க வேண்டும். நோயாளியின் அருகே அமர்ந்து, கேட்டு, புரிந்துகொண்டு, உரிய இடத்துக்கு வழிகாட்டும் பயிற்சி பெற்ற ஆள். அந்த ஆளை உருவாக்க நம் நாடு எடுத்துக்கொண்ட காலமும், அதற்குள் நம் சமுதாயம் கொடுத்த விலையுமே இக்கட்டுரையின் பொருள்.

இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி இளங்கலை முடித்துவிட்டு, “வாப்பா, நான் கவுன்சலிங் சைக்காலஜியில் எம்.எஸ்சி. படிக்கிறேன்” என்றால், “பேசுவதற்கு இரண்டு வருடப் படிப்பா?” என்றே முதலில் கேட்போம். அக்கேள்வியில் தவறில்லை. அதற்கு விடை தேட ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பாக்தாதிலிருந்து தொடங்குவது நமக்கு எளிது.

ஹிஜ்ரி 319, அதாவது பொது ஆண்டு 931. பாக்தாதில் மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவரின் பிழையால் நோயாளி ஒருவர் இறந்த செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. அவர் உடனே தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்தை அழைத்து, நகரில் தொழில் நடத்தும் அனைவரையும் சோதிக்குமாறும், தேறியவர் மட்டுமே தேறிய துறையில் மட்டும் தொழில் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டார். எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் அச்சோதனைக்கு வந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ‘தேறிய துறையில் மட்டும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை அறிந்தவர் எல்லாவற்றையும் அறிந்தவராகிவிட மாட்டார் என்பது அவ்வாணைக்குள் அடங்கியிருக்கிறது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர், அதனால் நேரும் தீங்குக்குத் தாமே பொறுப்பு என்ற நபிமொழியின் அடிப்படையில் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த சட்டங்களும் இக்கருத்தின்மீதே நிற்கின்றன.

அக்காலத்திலேயே வாழ்ந்து 934-இல் மறைந்தவர் அபூஸைத் அல்பல்கீ. உடலின் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்குமாக இரு பகுதிகளில் ஒரே நூல் எழுதியவர். கோபம், அச்சம், துயரம், விடாமல் அலைக்கழிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு அணுகுமுறை சொன்னார். உடல் திடீரென நோயுறும் வேளைக்கென்று நாம் மருந்து வாங்கி வைத்திருப்பதுபோல, மனம் கலங்கும் வேளைக்கென்று நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் தரும் ஆலோசனைகளுள் ஒன்று. உள்ளத்து நோய்க்கு உள்ளிருந்து எழும் எண்ணம் மட்டும் போதாத நிலையில், வெளியிலிருந்து ஒருவர் தரும் அறிவுரையும் மருந்தாகும் என்று அவர் கருதினார். இந்நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் அயாசோஃபியா நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது.

எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனி இடம் இருந்தது. அவர் வாரந்தோறும் அங்கே சென்று நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் மனநோயாளி ஒருவர் மாதுளம்பழம் ஒன்று கேட்டார், கொடுத்தார்கள், அவரோ அதை ஆட்சியாளரின் மேலேயே ஓங்கி எறிந்துவிட்டார். அதன்பிறகு இப்னு தூலூன் அம்மருத்துவமனைப் பக்கமே வரவில்லை என்பார்கள். சிரிப்புக்குரிய கதைதான். ஆனால் இரக்கத்துக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. இரக்கம் கொண்டவர் அடிபட்டதும் திரும்பிப் போய்விடலாம். அங்கே பணியாற்றுபவர் மறுநாளும் அதே நோயாளியிடம் வந்தாக வேண்டும்.

திமிஷ்கில் நூருத்தீன் ஸன்கி 1154-ஐ ஒட்டி எழுப்பிய நூரி மருத்துவமனையின் மருத்துவர் அபுல் மஜ்து, காலையில் நோயாளிகளைச் சுற்றிப் பார்த்து, மருந்தெழுதி, பின்னர் அங்குள்ள பெரிய கூடத்தில் அமர்வார். மாணவர்கள் சூழ்ந்துகொள்வர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அன்றைய நோயாளிகளைப் பற்றியும் நூல்களைப் பற்றியும் விவாதம் நடக்கும். நோயாளியின் அருகே கற்பது, கற்றதை மூத்தவர் முன்னிலையில் விவாதிப்பது என்ற இம்முறையையே இன்றைய ஆலோசகர் கல்வியும் தன் முதுகெலும்பாகக் கொண்டிருக்கிறது. இந்த வழியில் வந்த சமுதாயத்துக்கு இப்படிப்பு அந்நியமானதாகத் தோன்றுவதுதான் வியப்பு.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சென்னைப் புரசைவாக்கத்தில் 1794-இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் மனநோய் விடுதி ஒன்றைத் தொடங்கினார். அது 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயர் தமிழ் மக்களின் பேச்சில் வசைச்சொல்லாகவே மாறியதை வாசகர்கள் அறிவர். மருத்துவமனை ஒன்றின் இருப்பிடம் வசையாவது, அங்கே அனுப்பப்பட்டவர் திரும்பி வரமாட்டார் என்ற அனுபவத்தின் எச்சம். சுதந்திரத்துக்குச் சற்று முன்பு, 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கைக்காக நாட்டின் மனநோய் மருத்துவமனைகளை ஆராய்ந்த மூர் டெய்லரும், பெரும்பாலானவை அடைத்துவைக்கவே கட்டப்பட்டவை, குணப்படுத்துவதைக் கருதியவை அல்ல என்றே எழுதினார். பயிற்சி பெற்றவர்கள் கைவிரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருந்தனர்.

அக்குழுவின் பரிந்துரையை ஒட்டி 1954-இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் உருவாயிற்று. இன்று நிம்ஹான்ஸ் என்று நாம் அறியும் நிறுவனத்தின் முன்னோடி அது. மறு ஆண்டே அங்கு மருத்துவ உளவியலில் முதுநிலைப் பயிற்சி தொடங்கியது. வகுப்பறையில் படித்த உளவியலை நோயாளியின் படுக்கையருகே கொண்டுசெல்லும் கல்வி இந்தியாவில் முறையாகத் தொடங்கிய இடம் என்று அதைக் கூறலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943-இலேயே வந்துவிட்டது என்றாலும், துறை வேறு, நோயாளியோடு பழகும் பயிற்சி வேறு.

இதற்கிடையில் திருத்தணிக்காரர் மீண்டும் வருகிறார். 1948-இல் அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு ராதாகிருஷ்ணன் தலைவரானார். அதே குழுவில் டாக்டர் ஜாகிர் உசேனும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர்கள். பிரிவினைக் காயம் ஆறாத நாள்களில், திருத்தணியில் பிறந்த வேதாந்தியும் ஜாமிஆ மில்லியாவைக் கட்டி வளர்த்த முஸ்லிம் கல்வியாளரும் ஒரே மேசையில் அமர்ந்து, இந்நாட்டுப் பல்கலைக்கழகம் எதற்காக என்று விவாதித்தனர். பின்னாளில் இருவரும் அடுத்தடுத்துக் குடியரசுத் தலைவர்களாயினர். 1949-இல் அவர்கள் அளித்த அறிக்கை, தொழிற்கல்வி என்பது கைத்திறனோடு நிற்பதில்லை, பொறுப்புள்ள சேவைக்கான மனப்பான்மையையும் அது ஊட்ட வேண்டும் என்ற நோக்கை முன்வைத்தது. மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்றும் கூறியது.

முதலியார் ஏற்கெனவே போர் குழுவிலும் இடம்பெற்றவர். 1952-53-இல் அவர் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளிகளில் வழிகாட்டலும் ஆலோசனையும் என்ற பொருளுக்கென்றே தனி அத்தியாயம் எழுதியது. அதற்குரிய பயிற்சி பெற்ற அலுவலர்கள் வேண்டும் என்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நம் பிள்ளைகள் படிக்கும் எத்தனை பள்ளிகளில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று அவரவரே எண்ணிக்கொள்ளலாம்.

திருத்தணியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது வேலூர். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற கனடா நாட்டு மனநல மருத்துவரின் முயற்சியால் 1957-இல் பாகாயத்தில் மனநல மையம் ஒன்றைத் திறந்தது. அங்கே ஒரு புதிய விதி. நோயாளி தனியாக வரக்கூடாது. குடும்பத்தார் ஒருவர் உடன் தங்க வேண்டும். அமிர்தசரஸில் வித்யாசாகர் என்ற மருத்துவர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து உறவினர்களைத் தங்கவைத்த முயற்சியும் இதே பத்தாண்டில் நடந்ததுதான். தாயோ அண்ணனோ உடனிருந்து, மருந்து கொடுக்கக் கற்று, நோயின் அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினால், கைவிடப்படுவது குறையும். மேற்கத்திய நாடுகளின் பாடநூல்களில் அப்போது இல்லாத முறை இது. நம் நாட்டு ஆலோசகருக்குத் தனிமனிதரோடு பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, ஒரு குடும்பத்தோடும் பேசத் தெரிய வேண்டும் என்ற பாடத்தை வேலூர் அன்றே எழுதிவிட்டது.

கீழ்ப்பாக்கத்திலும் மாற்றம் வராமலில்லை. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது பல கதவுகளைத் திறந்தார். 1984-இல் அவர் முயற்சியில் ஸ்கார்ஃப் நிறுவனமும், 1986-இல் லட்சுமி விஜயகுமாரின் முயற்சியில் தற்கொலைத் தடுப்புக்கான சினேகாவும், 1993-இல் தெருவோரம் கைவிடப்பட்ட பெண்களுக்கான பான்யனும் சென்னையில் தோன்றின. இவ்வளவும் சென்னையைச் சுற்றியே நடந்தன என்பதை மறந்துவிடக்கூடாது. இராமநாதபுரத்துக் கடற்கரைக்கு இவற்றில் எதுவும் போய்ச் சேரவில்லை.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடியில், தர்காவை அடுத்துத் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். ஓட முடிந்தவர்கள் ஓடினர். கட்டப்பட்டவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அப்பகுதியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர்.

இந்நிகழ்வைப் பற்றி நம்மிடையே இரு வகையாகப் பேசுவதுண்டு. தர்காவுக்குப் போனதுதான் குற்றம் என்று ஒரு சாரார் அகீதா விவாதத்துக்குள் நுழைந்துவிடுவர். அது தனியார் காப்பகம், தர்காவுக்கு என்ன தொடர்பு என்று மற்றொரு சாரார் கைகழுவுவர். இறந்த 28 பேரைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறித்தவர்களுமாக, பல ஊர்களிலிருந்து, வைத்தியம் பார்த்துக் கைப்பொருள் இழந்து, இரவில் உறக்கமின்றி, அக்கம்பக்கத்தாரின் ஏச்சுக்கு ஆளாகி, கடைசியாக அங்கே வந்தவர்கள். வீட்டிலிருந்து ஏர்வாடிவரை நீண்ட அந்த வழியில், “இது இன்ன நோய்; இதற்கு மருந்து உண்டு; நீங்கள் செய்ய வேண்டியது இது” என்று அமைதியாக விளக்கும் ஒரு மனிதரையேனும் அவர்கள் சந்தித்தார்களா? சந்தித்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அச்சங்கிலிவரை வந்திருப்பார்கள்? என் கருத்தில் ஏர்வாடி வழக்கின் மையக் கேள்வி இதுவே. தீ அதன் கடைசி அத்தியாயம் மட்டுமே.

பின்னாளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் ஏர்வாடி தர்காவிலேயே மருத்துவ உதவி கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. ‘தவா-துஆ’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்பது அதன் பெயர். துஆவுக்கு வந்தவரை விரட்டாமல், அவ்விடத்திலேயே மருத்துவரையும் பார்க்கச் செய்யும் முறை. ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை இறைவன் இறக்கியிருக்கிறான், ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்க, இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்தியது நாம்தான்.

நேர்த்திக்கடனுக்கு மலையேறும் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கியதால் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளர்களைப் பற்றி ரகுராம் முதலிய ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே சிறப்புச் சடங்குகள் எவையும் நடத்தப்படவில்லை, அடிக்கவில்லை, கட்டவில்லை. ஏசாமல் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் குடும்பத்தோடு இருந்தார்கள், சிறு வேலைகள் செய்தார்கள். அவ்வளவுதான். இந்த ஆய்வைக் கொண்டு மருந்து வேண்டாம் என்று முடிவு கட்டுவது அறியாமை. அன்பான சூழலே இவ்வளவு செய்யுமானால், அச்சூழலோடு முறையான சிகிச்சையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சிந்திப்பதே பொருத்தம்.

சரி, அந்த இரண்டு ஆண்டுப் படிப்பு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்? இத்தொழில் தனித் தொழிலாக உருப்பெற்றது அமெரிக்காவில். 1908-இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் தேர்வில் வழிகாட்டத் தொடங்கியது அதன் ஆரம்பம். அறிவுரையை அள்ளி வழங்குவதைக் காட்டிலும் வந்தவரை முழுமையாகக் கேட்பதே ஆலோசனை என்று கார்ல் ரோஜர்ஸ் 1942-இல் எழுதிய நூல் அதன் போக்கை மாற்றியது. 1976-இல் வர்ஜீனியா மாநிலம் ஆலோசகர்களுக்கு முதன்முதலாக உரிமம் வழங்கும் சட்டம் செய்தது. 1981-இல் தோன்றிய கல்வித்தர அமைப்பு, முதுநிலை மாணவர் 100 மணி நேரத் தொடக்கப் பயிற்சியும் அதன்பின் 600 மணி நேரக் களப்பயிற்சியும் மேற்பார்வையின்கீழ் முடிக்க வேண்டும் என்று வரையறுக்கிறது.

இந்த எண்ணிக்கையைவிட ‘மேற்பார்வை’ என்ற சொல்லில்தான் பொருள் அதிகம். வாரந்தோறும் மாணவர் தாம் சந்தித்தவர்களைப் பற்றி மூத்தவரிடம் எடுத்துரைக்க வேண்டும். எங்கே அவசரப்பட்டார், எங்கே தம் கருத்தைத் திணித்தார், எந்த இடத்தில் தமக்கே அழுகை வந்தது என்பதெல்லாம் அங்கே வெளிப்படும். முஹாஸபா, அதாவது தன்னைத்தானே கணக்கெடுத்தல் என்று நம் பெரியவர்கள் கூறுவதன் தொழில்முறை வடிவம் என்று இதைச் சொல்லலாம். தன் தந்தையின்மேல் ஆறாத கோபம் கொண்ட ஒருவர், அதை அறியாமலேயே ஆலோசகரானால், எதிரே அமரும் ஒவ்வொரு தந்தையையும் குற்றவாளியாகவே காண்பார். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் இடம் பயிற்சிக் கூடம். நம் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை அதற்கான இடமல்ல.

அடுத்தது இரகசியம் காத்தல். நம் ஊர்களில் அறிவுரை சொல்லப் பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அஸருக்குச் சொன்னது இஷாவுக்குள் மூன்று தெருக்களைக் கடந்துவிடுகிறது. இதற்கு அஞ்சியே எத்தனையோ பெண்கள் வாய் திறப்பதில்லை. சபையில் பேசப்பட்டது அமானத் என்பதை அறிந்த சமுதாயம் இது. அதே அமானத்தை ஆலோசகர் கல்வி, விதிவிலக்குகளோடு சேர்த்துக் கற்பிக்கிறது. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தாலோ, குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலோ, மௌனம் காக்கக்கூடாது. எப்போது காப்பது, எப்போது உடைப்பது என்பதை நல்லெண்ணத்தால் மட்டும் முடிவு செய்ய இயலாது.

மூன்றாவது, எல்லை அறிதல். பாக்தாதின் 931-ஆம் ஆண்டு ஆணை இங்கே வந்து நிற்கிறது. ஆலோசகர் மருந்து எழுதக்கூடாது. காதில் குரல் கேட்கிறது என்பவரையும், பல நாள் உறங்காமல் கட்டுக்கடங்காத வேகத்தில் திரிபவரையும் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். தைராய்டு கோளாறும் வலிப்பு நோயும்கூட மனநோய் போலத் தோன்றலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். “ஜின் பிடித்திருக்கிறது” என்று ஒரு குடும்பம் சொன்னால், சிரிக்கவும் கூடாது, தலையாட்டிவிட்டு விட்டுவிடவும் கூடாது. ஜின் உண்டு என்பது நம் ஈமானைச் சார்ந்தது. இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது என்ன என்பது பரிசோதனையைச் சார்ந்தது. ரமளானில் மாத்திரை நேரத்தை மாற்றலாமா, நோன்பை விடலாமா என்ற கேள்வி வந்தால் மருத்துவரையும் ஆலிமையும் கேட்கச் சொல்வதே ஆலோசகரின் வேலை. தாமே ஃபத்வா கொடுப்பதும் தாமே மாத்திரையை நிறுத்துவதும் எல்லை மீறல்.

இங்கே சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீயைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மேற்கத்திய உளவியலைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களின் இக்கட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1979-இல் வெளிவந்தது. படித்துவிட்டு அத்துறையை அவர் தூக்கி எறியவில்லை. 2021-இல் மறையும்வரை அதையே கற்பித்தார். பல்கீயின் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். நம் பிள்ளைகள் இப்படிப்பில் சேர்ந்தால் ஈமான் என்னாகும் என்று அஞ்சும் பெற்றோர் அவரைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

நம் நாட்டில் இன்று நிலைமை என்ன? மருத்துவ உளவியலாளர் என்ற பெயரில் தொழில் செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடை செய்தது. நோயாளியின் இரகசியத்தை அவரது உரிமையாக்கியது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றது. அந்தச் சட்டம் மனநல வல்லுநர் என்று வரையறுப்போரில் மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் முதலியோர் உண்டு. ஆலோசகர் என்ற பெயரில் தனியே யாரும் இல்லை. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் அட்டவணையில்தான் ஆலோசகருக்கு இடம் கிடைத்தது. சட்டம் நிற்கிறது, நடைமுறை நடந்து வந்து சேர வேண்டியிருக்கிறது. இதனால் இரண்டு ஆண்டு முறையாகப் படித்தவரும், வார இறுதிச் சான்றிதழ் வாங்கியவரும் ஒரே மாதிரிப் பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது. பாக்தாதில் ஒரு நோயாளி இறந்ததும் எழுந்த கேள்வியை நாம் 28 பேர் இறந்த பிறகும் முழுமையாகக் கேட்கவில்லை.

தேவையோ பெரிது. 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றோடு வாழ்வதாகவும், நோய்களைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சை பெறவில்லை என்றும் கண்டது. ஒரு ஜமாஅத்தில் ஐந்நூறு பெரியவர்கள் இருந்தால் ஏறத்தாழ ஐம்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் போவது இமாமிடம்தான். ஆகவே இமாம்களும் மதரசா உஸ்தாதுகளும், யாரை எங்கே அனுப்புவது என்ற அளவிலான சிறு பயிற்சியையாவது பெறுவது இக்காலத்தின் தேவை. முதுகலை படித்த ஆலோசகரும் ஊர் இமாமும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

திருத்தணி போன்ற எல்லை ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் தக்னி உருதும் பேசப்படும். மனிதர் கடைத்தெருவில் எந்த மொழியில் பேசினாலும் அழுவது தாய்மொழியில்தான். அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணமின்றி எந்நேரமும், தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் பேசலாம். அவசர வேளைக்கு அது உதவும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் அதே முகத்தைப் பார்த்துப் பேச உள்ளூரிலேயே ஒருவர் வேண்டும். தொழுகையின் நேரம் அறிந்தவராக, இத்தாவில் இருக்கும் பெண்ணின் நிலை புரிந்தவராக, கூட்டுக் குடும்பத்தின் அடுக்களை அரசியல் தெரிந்தவராக அவர் இருந்தால் எத்தனை விளக்கங்கள் மிச்சமாகும்!

ஆகவே பிள்ளையை இப்படிப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர், கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்கும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். களப்பயிற்சி எத்தனை மணி நேரம்? அது எந்த மருத்துவமனையில் நடக்கிறது, அல்லது தாளில் மட்டும் நடக்கிறதா? மேற்பார்வை செய்பவர் யார், அவர் தாமே நோயாளிகளைப் பார்ப்பவரா? மாணவி தமிழிலும் உருதிலும் ஆலோசனை நடத்திப் பழக இடம் உண்டா? தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் என்ன செய்வது என்பதை எந்தப் பருவத்தில் கற்பிக்கிறார்கள்? இவற்றுக்கு நேரான விடை தராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். ஆலோசகரைத் தேடிச் செல்லும் குடும்பத்தாரும் கூச்சப்படாமல் கேட்கலாம்: எங்கே படித்தீர்கள், யாரிடம் பயின்றீர்கள், உங்களால் முடியாதபோது யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு உடனே ஒரு மருத்துவரின் பெயரைச் சொல்பவரிடம் தயங்காமல் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள்.